ஊரார் வைஃபை

"ஏனுங்க, உங்க போன்ல கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போட்டு விடறீங்களா? ஒரே ஒரு மெசேஜ் மட்டும் பாத்துக்கறனுங்க."

பஸ் மல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. நடுவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் முதலில் சௌந்தர்யாவின் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். பிறகு ஸ்கேன் சென்டர் பெயர் போட்ட அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார். தன் போனை எடுத்து சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"அதெல்லாம் குடுக்கறதில்லீங்க. இப்பெல்லாம் இப்படிக் கேட்டுத்தானுங்க பேங்குல இருக்கறத வழிச்சு எடுத்துட்டுப் போயிர்றாங்க. தெனமும் பேப்பர்ல வருதுங்களே."

அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். பின்னால் நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். பின் இருக்கைக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தங்களைக் கேட்டுவிடப் போகிறாளே என்று காதில் செருகியிருந்ததை அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். சௌந்தர்யாவுக்கு முகம் தீயாக எரிந்தது. காலையிலிருந்து அந்தத் தீ இறங்கவேயில்லை. இவர் அதில் ஒரு விறகைச் செருகினார், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலை எழுந்தபோதே போனில் சிக்னல் இல்லை. சேலம் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் டவர் அடிக்கடி விளையாட்டுக் காட்டும் என்பதால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவன் இளஞ்செழியன் உதவி லோகோ பைலட். முந்தைய நாளே சரக்கு வண்டியோடு போயிருந்தான். வண்டியில் இருக்கும்போது போனை அணைத்து வைத்துவிட வேண்டும். அதனால் அவனிடமிருந்து அழைப்பு வராததும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்ததும் அங்கிருந்த வைஃபையைப் பிடித்துக்கொண்டு போன் துள்ளியது. அண்ணன் மனைவி வசந்தாமணி விடியற்காலையில் அனுப்பிய குரல் செய்தி. கிசுகிசுப்பாகத்தான் பேசியிருந்தாள்.

"அம்மிணி... அத்தை போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சாயங்காலம் எடுக்கறாங்களாம். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு. உன்ர சிம்மையும் அடைச்சுட்டாரு. கஸ்டமர் கேர்ல தொலைஞ்சு போச்சுன்னு அவரு சொன்னது எங்காதுல உளுந்துச்சு. ஆரு போன்ல இருந்தும் என்னையக் கூப்பட்றாத, பக்கத்துலயே நிக்கறாரு. வாட்சப்புல மட்டும் போடு. நான் அப்பப்பப் பாத்துக்கறேன்."

அந்த சிம் அண்ணன் ஜெகதீஸ்வரன் பெயரில் இருந்தது. கல்லூரிக்குப் போகிறபோது அவன்தான் தன் ஆதாரைக் கொடுத்து வாங்கித் தந்தான். இளஞ்செழியன் வேறு சாதி. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த அன்று, 'எனக்குத் தங்கச்சியே பொறக்கல' என்று ஊர்க்காரர்கள் முன்னால் சொன்னவன், அந்த சிம்மை மட்டும் அடைக்கவில்லை. இரண்டு வருஷமாக அவளும் எண்ணை மாற்றவில்லை. அண்ணன் மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறானா என்று பலநாள் யோசித்திருக்கிறாள். விட்டுத்தான் வைத்திருக்கிறான், என்றைக்காவது ஒருநாள் அதில் கூப்பிடுவான் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்துத்தான் இப்போது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவன் மறக்கவும் இல்லை, பாசத்தில் விட்டுவைக்கவும் இல்லை. சுருக்குக் கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பெற்றவள் மூச்சு அடங்கிய வீட்டில், அழுகைக்கு நடுவே, கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டு, அது சொல்கிற எண்ணையெல்லாம் அழுத்தி, பாட்டைக் கேட்டுக் காத்திருந்து, தங்கச்சியின் எண்ணைச் சொல்லி அடைத்திருக்கிறான். அதற்கு அவனுக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

சென்டரில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை. இளஞ்செழியனுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு, புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கண்ணில் பட்ட நாமக்கல் வண்டியில் ஏறியாயிற்று. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையிலிருப்பது வெறும் கண்ணாடித் துண்டு என்று புரிந்தது. வசந்தாமணி என்ன அனுப்பினாலும் யாராவது ஒருவருடைய தயவில்தான் அது வந்து சேர வேண்டும்.

"இந்தா சாமி."

முன் இருக்கையிலிருந்து ஒரு அம்மாள் திரும்பி, தன் போனை அப்படியே நீட்டினார். அதில் ஏதோ சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு அதெல்லாம் போடத் தெரியாது. எப்படியோ நீயே போட்டு எடுத்துக்கோ. எதுக்குப் பயப்படோணும்? எம்பட பேங்குல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது."

கடைசி வார்த்தைகளை வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சௌந்தர்யா வாங்கி, இணைப்பைப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாளின் சீரியல் நின்று நின்று ஓடியது. அவர் அதை அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். வசந்தாமணியிடமிருந்து முதலில் ஒரு வரி: 'கிளம்பீட்டியா அம்மிணி'. கிளம்பிவிட்டேன், பஸ்ஸில் வருகிறேன் என்று அடித்து அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்தது. டிக் நீலமாகவில்லை. அவள் அந்த இரண்டு சாம்பல் நிறக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மரவள்ளிக் காடுகளும் செங்கல் சூளைகளும் போய்க்கொண்டிருந்தன. ஆண்டகளூர் கேட் நெருங்கும்போது கோடுகள் நீலமாயின. வசந்தாமணி பேசிப் பதிவுசெய்கிறாள் என்று திரையில் காட்டியது. வெகுநேரம் காட்டியது.

"ஐயோ சாமி, எம்பட ஸ்டாப்பு வந்துருச்சே." அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "பாத்துட்டியா? முடிஞ்சுதா?"

முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸை நிறுத்தி வைக்க முடியுமா? "முடிஞ்சுதுங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்த அம்மாள் இறங்கியபோது குரல் செய்தி வந்து விழுந்தது. அதன் பக்கத்திலிருந்த வட்டம் பாதிவரை சுற்றியது. பஸ் நகர்ந்ததும் வட்டம் நின்றுவிட்டது.

நாமக்கல் வரும்வரை அவள் அந்த வட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டேயிருந்தாள். செய்தி இருக்கிறது, கேட்க முடியாது. கண்டக்டரிடம் கேட்டாள். "டிக்கெட் மிஷின்லதானுங்க சிம்மு இருக்குது. எம்படது பட்டன் போனு" என்று எடுத்துக் காட்டினார். உண்மைதான். ஆனாலும் அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பட்டன் போன் என்றதும் அம்மா ஞாபகம் வேறு வந்தது. அம்மா கந்தம்மாளும் பட்டன் போன்தான் வைத்திருந்தாள். மகளைப் பார்க்க வேண்டும் என்றால் மருமகளின் போனை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு கோழிப்பண்ணைக்குப் போய்விடுவாள். அங்கே கண்காணிப்புக் கேமராவுக்காகப் போட்டிருந்த வைஃபையில் வீடியோ கால் வரும். ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் திரையில் தெரியும். "சாப்பிட்டியா?" என்று கத்துவாள். சௌந்தர்யா சொல்கிற பதில் அந்தப் பக்கம் கேட்காது. மறுபடியும் "சாப்பிட்டியா?" என்பாள். பெரும்பாலும் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அவ்வளவுதான்.

நாமக்கல் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் 'வைஃபை வசதி உண்டு' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு டீ சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் பாஸ்வேர்டு கேட்டாள்.

"அது மேல ஏசி ஹால்ல உக்காந்து சாப்படறவங்களுக்குங்க."

"ஒரு மெசேஜ் மட்டும் கேட்டுட்டுப் போயிர்றனுங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. ஒத்த டீயக் குடிச்சுப்போட்டுப் பொழுதன்னைக்கும் படம் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. நாங்க கடை நடத்தறதா, ஊருக்கெல்லாம் நெட்டு வுடறதா, நீங்களே சொல்லுங்க?"

"எங்கம்மா செத்துப் போயிட்டாங்கய்யா!"

கத்திவிட்டாள். பஃப்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவனின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அவள் வாயால் சொல்லாமல் வைத்திருந்த சொல், யாரோ ஒரு பேக்கரியில், கேக் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து கிடந்தது.

"அடடா, மொதல்லயே சொல்லிருக்கலாமுங்களே" என்றார் அவர். போனை அவரே வாங்கி அடித்துக் கொடுத்தார். "டேய், அக்காளுக்கு அந்த ஃபேனப் போடுறா."

ஏன் முதலிலேயே சொல்ல வேண்டும்? அம்மாவைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தால்தான் இவர் நான்கு எழுத்தை அடிப்பாரா? வந்த ஆத்திரத்தில் டீக்கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வட்டம் சுற்றி முடிந்திருந்தது.

"அம்மிணி, மத்தியானமே எடுக்கறதுன்னு மாத்திட்டாங்க. நீ எப்படியும் வந்துருவேன்னு அவருக்குச் சந்தேகம். பிரிவு ரோட்டு மொனையில பங்காளிக ரெண்டு பேர நிறுத்தி வெச்சிருக்காரு." கொஞ்ச நேரம் பின்னால் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபடியும் வசந்தாமணி. "இன்னொண்ணு... அத்தை ராத்திரியே உன்னையக் கூப்பட்டுக் குடுன்னாங்க. என்னமோ புள்ளைய இப்பவே பாக்கோணும்னாங்க. உங்கண்ணன் ஊட்டுல இருந்தாரு. காலைல பண்ணைக்குப் போயிப் பேசிக்கலாமுங்கத்தைன்னு நாந்தான் சொன்னேன். என்னைய மன்னிச்சுக்கோ அம்மிணி."

சௌந்தர்யா அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி கேட்கவில்லை. வசந்தாமணி மேலும் இப்போது கோபம் வந்துவிட்டது. இத்தனை நேரம் அந்த ஒருத்திதான் மிச்சமிருந்தாள். ராத்திரி ஒரு நிமிஷம் போனைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடிப்பான். அடித்திருக்கட்டுமே. இப்படி நினைத்ததற்காகத் தன் மேலும் கோபம் வந்தது. அந்த வீட்டில் இருந்துகொண்டு அடி வாங்குவது யாரென்று அவளுக்குத் தெரியும்.

அதற்குக் கீழே வசந்தாமணி ஒரு இணைப்பையும் அனுப்பியிருந்தாள். தொட்டதும் திரை விரிந்தது. 'இறுதிச் சடங்கு - நேரலை.' மேலே மூலையில் அம்மாவின் படம், மாலை போட்டு. வாசலில் ஷாமியானா. மூன்று மகன்களை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெரிய மாமன் வீட்டுக்காக அண்ணன் ஏற்பாடு செய்திருப்பான். மெல்போர்னிலிருந்தும் துபாயிலிருந்தும் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கேமரா மெதுவாக நகர்ந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அம்மாவின் நெற்றியில் பெரிதாக ஒரு ரூபாய்க் காசு. தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். இவ்வளவு தெளிவாக, முழு முகமாக, அம்மாவை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் ஜெகதீஸ்வரன் நின்றிருந்தான். கேமரா தன் மேல் வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நடிப்பில்லை. அவன் நிஜமாகவே அழுதான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பின்னால் கட்டியிருந்த பேனரில் மகன், மருமகள், பேரன், பேத்தி என்று பெயர்கள் இருந்தன. மகள் என்று ஒரு சொல் எங்கும் இல்லை. மெல்போர்னில் இருக்கிறவன் பார்க்கலாம். துபாயில் இருக்கிறவன் பார்க்கலாம். சேலத்தில் இருக்கிற மகள் பார்க்கக் கூடாது.

கல்லாக்காரர் எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "இங்கயே உக்காந்து பாத்துக்கங்க. எந்நேரமானாலும் ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இந்த வெயில்ல அத்தனை தூரம் போறதுக்கு, இதுலயே எல்லாம் நல்லாத் தெரியுதுங்களே" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. டீக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தாள். இளஞ்செழியனிடமிருந்து ஒரு செய்தி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்திருந்தது: 'இப்பதான் பார்த்தேன். தனியா போகாத. நான் வந்துடறேன், சேர்ந்து போலாம்.' சேர்ந்து போவதற்கு யார் காத்திருக்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் அனுப்பவில்லை.

ஊர் வழியாகப் போகிற எருமப்பட்டி பஸ் எப்போதென்று தெரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் முதலில் நின்றிருந்த வண்டியில் ஏறி, ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஓட்டுநரின் பெயர் சின்னுசாமி என்று முன்கண்ணாடியில் எழுதியிருந்தது. சுங்கச்சாவடி மாதிரி இனி எல்லா இடத்திலும் முதலிலேயே கட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணா, எங்கம்மா எறந்துட்டாங்க. எங்க அண்ணன் என்னைய உட மாட்டேங்கறான். எனக்கு உங்க நெட்டு வேணும். வேகமாவும் போகணும்" என்றாள்.

அவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்து இணைப்பைப் போட்டு, டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வழியெல்லாம் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சோளக்காடுகளும் நீளநீளமான கோழிக் கொட்டகைகளும் இரண்டு பக்கமும் ஓடின. திரையில் பெட்டியைத் திறந்தார்கள். பெண்கள் அம்மாவைச் சுற்றி வந்தார்கள். வசந்தாமணி போட்ட வாய்க்கரிசி வாயில் விழாமல் கன்னத்தில் கொட்டியது. யாரோ "பொம்பளைக ஒதுங்குங்க, நேரமாச்சு" என்றார்கள். பாடையைத் தூக்கினார்கள். தப்பட்டைச் சத்தம் போனுக்குள்ளிருந்து வந்து ஆட்டோவை நிறைத்தது. சின்னுசாமி வேகத்தைக் கூட்டினார்.

பிரிவு ரோட்டு முனையில் பைக்கைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் யோகேஷ், சித்தப்பா மகன். சின்ன வயதில் அவளோடு ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன்.

"சௌந்தர்யா, எறங்காத. அப்படியே திரும்பிப் போயிரு. அசிங்கமாயிரும்."

"ஆருக்கு?"

அவன் பைக்கை இன்னும் கொஞ்சம் குறுக்கே தள்ளினான். சின்னுசாமி தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க தம்பி, இது பஞ்சாயத்து ரோடுதானுங்களே?"

"ஆமாங்க. அதுக்கு?"

"இல்லீங்க, உங்க சொந்த எடமோன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் இறக்கி, பைக்கைச் சுற்றி ஏற்றி ஓட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் தப்பட்டை இரண்டாகக் கேட்டது. ஒன்று காட்டுப் பக்கமிருந்து, காற்றில். இன்னொன்று கையிலிருந்து. காட்டிலிருந்து வந்த அடி முதலில் விழுந்தது. போனிலிருந்து வந்தது அதே அடியைப் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தது. அடுத்த வளைவில் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது.

ரோடு குறுகலானது. சின்னுசாமி ஆட்டோவை அப்படியே நிறுத்தினார். சௌந்தர்யா இறங்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். எதிரே எல்லாம் ஆண்கள். முன்னால் ஈரவேட்டியோடு, கையில் கொள்ளிச்சட்டியோடு அண்ணன். அவனுக்குப் பின்னால் தோள்களின் மேல் பூவுக்கு நடுவே அம்மா. எல்லாருக்கும் முன்னால் ஒரு பையன் அவர்களைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தான். அவன் அவள் மேல் இடித்து, திரும்பிப் பார்த்து, ஒதுங்கினான்.

ஜெகதீஸ்வரன் நின்றான். புகைக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள் சிவந்திருந்தன.

"உன்னைய ஆரு கூப்பட்டா?"

"ஆரும் கூப்படல. கூப்படற நம்பரத்தான் நீ விடியறதுக்குள்ள அடைச்சுட்டியே."

"சௌந்தர்யா, வழிய உடு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தான கேமரா வெச்சிருக்கற? எல்லாத்தையும் காட்டு." அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "எங்கம்மாள எறக்கி வெய்யுங்க. நான் மொகத்தைப் பாக்கோணும். எறக்காம இங்கிருந்து ஒரு அடி போக முடியாது."

"லைவ நிறுத்துடா!" என்று ஜெகதீஸ்வரன் கேமராக்காரனைப் பார்த்துக் கத்தினான். பையன் எந்தப் பொத்தான் என்று தெரியாதவன் மாதிரி தடவினான். பாடையைச் சுமந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் இருந்த சித்தப்பா தோளை மாற்றினார். அது இறக்குவதற்கா, தாங்குவதற்கா என்று தெரியவில்லை. தப்பட்டைக்காரர்கள் கைகளைத் தாழ்த்தினார்கள். தப்பட்டை நின்றது.

காற்றுகூட இல்லை. அவள் கையில் மட்டும் தப்பட்டை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். பின்தங்கி ஓடிக்கொண்டிருந்த நேரலையில் அந்த வளைவு இன்னும் வந்திருக்கவில்லை. காலியான ரோட்டில், பூவுக்கு நடுவே லேசாக ஆடிக்கொண்டு, அம்மா வந்துகொண்டிருந்தாள்.